கார்மேகம் கூப்பிட்ட கதை

செப்டம்பர் 9, திங்கள்

என் பெயர் கார்மேகம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம், நான் காத்திருக்கிறேன். குடிக்கிற தண்ணீருக்கே தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற பூவானேந்தலில், பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு பெயர் வைக்க என் அப்பாவுக்குத் தனித் துணிச்சல் இருந்திருக்க வேண்டும். பெயரைக் கேட்டாவது மழை வரும் என்று நினைத்தாராம். மழை வரவில்லை. நான்தான் வந்தேன்.

இந்த டைரி ஜெபராணி மேடம் கொடுத்தது. வானம் மாறிப்போனதால் விவசாயமும் மாற வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். இன்று சாவடியில் கூட்டம். "உங்க ஊருக்கு ஒரு தகவமைப்பு முன்மாதிரி விவசாயி வேணும். யாரு முன்வர்றீங்க?" என்று கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்து தரையில் எதையோ தேடினார்கள். நான் மட்டும் டீ வருகிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். முடிந்தது. கைதட்டல், போட்டோ, டைரி. வானம் என்ன செய்தது, அதற்கு நான் என்ன செய்தேன் என்று தினமும் எழுத வேண்டுமாம்.

வானம்: வெயில் அடித்தது. நான்: டீ குடித்தேன்.

'தகவமைப்பு' என்ற சொல் ஊர்த்தலைவர் வேலு அம்பலத்தின் வாயில் நுழையவில்லை. "நம்ம கார்மேகம் தவக்களை அமைப்புல சேந்துட்டாப்ல" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் எனக்குத் தவக்களை என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒருவகையில் பதவி உயர்வுதான். தவக்களை கத்தினால் மழை வரும் என்று நம்புகிறவர்களாவது இருக்கிறார்கள்.

செப்டம்பர் 11, புதன்

என் நிலத்து மூலையில் மேடத்தின் நிறுவனம் மெஷின் விட்டுப் பண்ணைக்குட்டை வெட்டியது. பெய்கிற மழையை அதில் பிடித்துவைத்து, காய்கிற நேரத்தில் பயிருக்கு விட வேண்டும். அருமையான திட்டம், மழை மட்டும்தான் பாக்கி. குட்டைக்குப் பக்கத்தில் பேனர் வைத்திருக்கிறார்கள். "வறட்சியை வென்ற விவசாயி" என்று போட்டு, கீழே நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். குட்டைக்குள் ஆடுகள் நிழலுக்குப் படுத்திருக்கின்றன.

செப்டம்பர் 14, சனி

புழுதி விதைப்பு முடிந்தது. எங்கள் பக்கம் மழைக்கு முன்னாலேயே, காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவோம். நல்ல மழை விழுந்தால் முளைக்கும். மழையே இல்லையென்றால் விதை மண்ணுக்குள் தூங்கும். இந்த முறை மேடம் கொடுத்த புதுரக விதை, சீக்கிரம் விளையுமாம், வயல் காய்ந்தாலும் தாங்குமாம். நான் தாங்குவேனா என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று வீட்டில் இடி இடித்தது. வானத்தில் இல்லை, பஞ்சவர்ணத்தின் வாயில்.

பஞ்சவர்ணம் என் வீட்டுக்காரி. எங்களுக்கு ஒரே மகள் மோனிஷா, ஒன்பதாம் வகுப்பு. தண்ணீர் லாரி வருகிற அன்றைக்கு மோனிஷா பள்ளிக்கூடம் போக முடியாது. அவள் அம்மா கூலி வேலைக்குப் போயிருப்பாள், நான் முன்மாதிரியாக இருப்பேன், குடத்தோடு வரிசையில் நிற்க மோனிஷாதான் இருக்கிறாள். இன்று பரீட்சை. லாரியும் இன்றுதான் வந்தது. பிள்ளை பரீட்சையை விட்டுவிட்டுக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"இந்தாங்க, நல்லாக் கேட்டுக்கங்க," என்றாள் பஞ்சவர்ணம். "தீவாளிக்கு முன்ன மழை பேஞ்சு ஊரணியில தண்ணி நிக்கலன்னா, நானும் புள்ளயும் திருப்பூருக்குப் போயிருவோம். எந்தம்பி தவசி பனியன் கம்பெனியில சேத்துவிடுறேங்கிறான். அங்க குழாயத் திருகுனா தண்ணி வருதாம்."

"முன்மாதிரி விவசாயி வீட்டுக்காரியே ஊர விட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து எனக்குக் குடந் தூக்குது?"

இது வருஷா வருஷம் சொல்வதுதான். நான் டைரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மழை! மழை! தூறல்தான். ஆனாலும் மழை! சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நின்றேன். முதுகு பாதி நனைவதற்குள் நின்றுவிட்டது. அம்பலம் கையைக் கொடுத்து, "தவக்களைக்கு இம்புட்டுத்தான் பவரா அப்பு?" என்றார்.

செப்டம்பர் 26, வியாழன்

நெல் முளைத்துவிட்டது. வயலெல்லாம் பச்சை ஊசி. போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். மேடம் ஐந்தாறு கைதட்டல் படங்களைத் திருப்பி அனுப்பினார்.

அக்டோபர் 4, வெள்ளி

எல்லாம் கருகிவிட்டது. தூறல் போதுமென்று நம்பி முளைத்த நெல். என்னைப் போலவே புத்தி. மழையே வராமல் இருந்திருந்தால் விதையாவது மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 6, ஞாயிறு

வீட்டில் பழைய ரக விதைநெல் ஒரு மூட்டை இருக்கிறது. பஞ்சவர்ணம் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். நிஜமாகவே உட்கார்ந்துகொண்டாள்.

"இத அரைச்சா தை வரைக்கும் கஞ்சி ஓடும். புழுதியில போட்டா எறும்புக்குத்தேன் ஓடும்."

"இந்த வாட்டி நிச்சயம் பெய்யும், புள்ள. போன்ல படம் பாத்தேன். கடல்மேல வெள்ளையா சுத்துது."

"போன வாட்டியும் சுத்துச்சு."

அரை மூட்டை அவளுக்கு, அரை மூட்டை எனக்கு என்று பஞ்சாயத்து முடிந்தது. என் பாதியைப் புழுதியில் விதைத்துவிட்டு வந்தேன். வரும்போது பேனரில் இருந்த என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

பஞ்சவர்ணத்திடம் ஒரு மாற்றம். எனக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். சோறு எப்போது வெந்தது என்று பார்ப்பது, ரசத்துக்குப் புளி எவ்வளவு, மிளகாய்த்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது, எல்லாம் பொறுமையாகக் காட்டுகிறாள். ஆண்களும் வீட்டு வேலையில் பங்கெடுக்க வேண்டும் என்று போன கூட்டத்தில் ஜெபராணி மேடம் பேசினார். அது இவள் மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது. முன்மாதிரிப் புருஷனும் ஆகிக்கொண்டிருக்கிறேன். இன்று நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "உசுரு பொழச்சுக்குவீக," என்றாள். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

கோழிகளை விற்றுவிட்டாள். நல்லது, வாசலெல்லாம் எச்சம். பள்ளிக்கூடத்துக்கும் போய் ஹெட்மாஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். லீவு ரொம்ப ஜாஸ்தி என்று திட்டியிருப்பார். நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் முதுகுளத்தூரில் யாரோ ஒரு பெண்ணிடம் மெஷின் தையல் பழகப் போகிறாள். எனக்குச் சட்டை தைப்பாள் என்று நினைக்கிறேன். பெரிய அதிகாரிகள் வரும் விழா ஒன்றில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் மேடம்.

அக்டோபர் 18, வெள்ளி

ஐப்பசி பிறந்தும் வானத்தில் ஒன்றும் இல்லை. சாவடியில் ஊர் கூடியது. மழைச்சோறு எடுப்பதென்று முடிவு.

மேடத்துக்காக விளக்கி எழுதுகிறேன். ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறும் கஞ்சியும் வாங்கி, ஒரே பானையில் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து தின்பார்கள். தின்றுவிட்டு, "மழையில்லாத ஊரில் எங்களுக்கு என்ன வாழ்வு, நாங்கள் பரதேசம் போகிறோம்" என்று மாரில் அடித்து அழுதுகொண்டே மூட்டை முடிச்சோடு கிளம்புவார்கள். ஒரு ஆம்பளை எதிரே போய் வழிமறித்து, "மழை வருது, திரும்பி வாங்க" என்று கூப்பிட வேண்டும். அவர்கள் திரும்பினால் மழையும் திரும்பும் என்பது நம்பிக்கை. பெண்கள் ஊரை விட்டுப் போவதை வானம் பொறுக்காதாம்.

கூப்பிடுகிறவன் யார்? வேறு யார். பேர் ராசி! மீசை முளைத்த நாளிலிருந்து நான்தான். நான் கூப்பிட்டு ஒரு தடவைகூட அன்றைக்கு மழை வந்ததில்லை. ஆனாலும் மறுபடி மறுபடி என்னையே கூப்பிடச் சொல்கிறார்கள். இந்த ஊரின் பொறுமையை நினைத்தால் எனக்கே அழுகை வருகிறது.

அக்டோபர் 25, வெள்ளி

இன்று மழைச்சோறு.

ஜெபராணி மேடம் வீடியோ எடுக்க வந்திருந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றி, பஸ் ரோட்டில் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றேன். பெண்கள் அழுதுகொண்டு வந்தார்கள். மற்றவர்கள் கையில் கந்தல் மூட்டை, ஓட்டைக் குடம், பிய்ந்த பாய் என்று விளையாட்டுச் சாமான்கள். பஞ்சவர்ணம் தலையில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடேயப்பா, என்ன நடிப்பு என்று நினைத்தேன். மேடத்தைக் கூப்பிட்டு, "அதுதான் என் வீட்டுக்காரி, நல்லா எடுங்க" என்றுகூடச் சொன்னேன்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூப்பிட்டேன். "ஆத்தா, அக்கா, தங்கச்சிமாரே! ஊர விட்டுப் போகாதீக. வடகிழக்க கருத்திருச்சு. மழை வருது, திரும்பி வாங்க!"

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குலவையிட்டுத் திரும்பினார்கள். பஞ்சவர்ணம் திரும்பவில்லை. என் எதிரில் வந்து நின்றாள்.

"எங்க கருத்திருக்கு? காட்டுங்க பாப்போம்."

இது வழக்கத்தில் இல்லாத வசனம். நான் கையைத் தூக்கி வடகிழக்கைக் காட்டினேன். வானம் வெளுத்துக் கிடந்தது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"பொய்யா எத்தனை வருஷம் கூப்பிடுவீக? நெசமா மழை பேயட்டும். பேஞ்சப்புறம் வந்து ஒரு வார்த்தை கூப்பிடுங்க. அன்னைக்கே பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துருவேன். எனக்கு மட்டும் என்ன, ஊரு கசக்குதா?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. அம்பலம் விசிலே அடித்தார். அப்போது முதுகுளத்தூர் பஸ் வந்தது. நிறுத்தத்தில் மோனிஷா புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போது அங்கே வந்தாள்? இரண்டு பேரும் ஏறினார்கள். கண்டக்டர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். பஸ் போய்விட்டது.

"அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்து வந்துருவாக," என்றேன் மேடத்திடம். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

அக்டோபர் 26, சனி

இன்னும் வரவில்லை. திரும்புகிற பஸ் கிடைத்திருக்காது.

அக்டோபர் 27, ஞாயிறு

தவசி போன் செய்தான். "மச்சான், அக்காவும் பாப்பாவும் நல்லபடியா வந்து சேந்துட்டாக." தம்பியைப் பார்த்துவிட்டுத் தீபாவளிக்குத் துணிமணி எடுத்துக்கொண்டு வருவார்களாயிருக்கும். திருப்பூரில் துணி மலிவு.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது.

நவம்பர் 5, செவ்வாய்

சாவடியில் என்னை நடுவில் நிறுத்தினார்கள். குற்றச்சாட்டு: மழைச்சோறு எடுத்தும் மழை இல்லை, காரணம் கார்மேகம்.

"கெளம்புன பொம்பளைக அம்புட்டுப் பேரும் திரும்பணும். அதேன் மொற," என்றார் அம்பலம். "உம் பொண்டாட்டி ஒருத்தி எல்லையத் தாண்டிட்டா. அப்பறம் எப்பிடிடா பேயும்?"

"நான் கூப்பிடத்தானே செஞ்சேன் அம்பலம்."

"கூப்பிட்ட லச்சணந்தேன் தெரியுதே. திருப்பூருக்குப் போயி மொறையாக் கூப்பிட்டுக் கூட்டியாடா."

ஆக, வானிலைக்கு முழுப் பொறுப்பும் என் குடும்பத்தின் மேல் வந்துவிட்டது. கடல்மேல் சுற்றுகிற காற்று பஞ்சவர்ணம் பஸ் ஏறுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறதாம். ஊர் சார்பில் என்னை அனுப்புகிறார்கள். வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டேன் என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. வீடு பாழடைந்தது போல் கிடக்கிறது. அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போகட்டும், எழுதிவிட்டேன்.

நவம்பர் 9, சனி

திருப்பூர். ஒரே வரிசையில் அடுக்கிய வீடுகளில் ஒரு அறை. பஞ்சவர்ணம் கம்பெனியிலிருந்து வந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும், "மெலிஞ்சுட்டீக," என்றாள். அடுத்த பேச்சே, "மழை பேஞ்சுச்சா?" நான் தலையை ஆட்டினேன், இல்லையென்று. சோறு போட்டாள்.

நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. இரும்புப் பெட்டி மூலையில் கட்டின கயிறு கட்டினபடி இருக்கிறது. "ஏன் பிரிக்கல?" என்றேன். "பேஞ்சுச்சுன்னா கெளம்பணும்ல. நீக வந்து கூப்பிடுவீகன்னு தெரியும்," என்றாள். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

வாசலில் குழாய். உண்மையிலேயே திருகினால் தண்ணீர் வருகிறது. தினமும் இல்லையாம், ஆனால் வருகிற நேரம் தெரியுமாம். நான் இரண்டு தடவை திருகிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர், "என்னங்ணா, ரிப்பேருங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பஞ்சவர்ணம் துணி அலசப் போன நேரத்தில் மோனிஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, இந்தப் பள்ளிக்கூடத்துல நான் ஒருநாள்கூட லீவு போடல. அறிவியல்ல மிஸ் என்னயத்தான் முன்னால வந்து செஞ்சு காட்டச் சொன்னாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவக் கூப்பிட்டுப் போறதுக்கா வந்தீக?"

"ச்சே, சும்மா பாக்க வந்தேன்."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் பெற்ற பிள்ளை, நான் கூப்பிட்டுவிடுவேனோ என்று பயந்துபோய் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று அவளுக்கு விடுமுறை. மூன்று பேரும் அறையில் இருந்தோம். மோனிஷா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, அம்பலம். எடுத்ததும் ஒரே இரைச்சல். காற்றா, கூச்சலா என்று புரியவில்லை. ஸ்பீக்கரில் போட்டேன். அது ஒரு தப்பு.

"பேயுதுடா கார்மேகம்! கொட்டுது! விடியக்கருக்கல்ல புடிச்சது இன்னும் விடல. ஊரணி நெறஞ்சுருச்சு, உன் குட்டை நெறஞ்சுருச்சு! நீ அங்க கூப்பிட்ட நேரம் இங்க பேயுதுடா! பேர் ராசிடா, பேர் ராசி!"

புழுதியில் கிடக்கும் அரை மூட்டை நெல் கண்முன்னால் வந்தது. ஊரெல்லாம் நனைகிற மழையில் நான் மட்டும் நனையாமல் திருப்பூரில் உட்கார்ந்திருக்கிறேன். என் ஜாதகம் அப்படி.

பஞ்சவர்ணம் எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், கல்யாணத்தன்றைக்குக்கூட நான் பார்த்ததில்லை. "ஆத்தாடி, ஊரணி நெறஞ்சுருச்சாமே! நெறஞ்சுருச்சாமே!" என்று சொல்லிக்கொண்டே புடவை நுனியைத் தூக்கிச் செருகினாள். கயிற்றைச் சரிபார்க்கப் பெட்டிப் பக்கம் போனாள். பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கூப்பிடக் காத்திருக்கிறாள். அந்த ஒரு வார்த்தை, வருஷக்கணக்காக ஊர் நடுவில் நின்று பொய்யாகவே சொல்லிக்கொண்டிருந்தது, இன்றைக்குத்தான் முதல் முறையாக உண்மை.

மோனிஷா தலையைத் தூக்கவில்லை. அவள் பேனா மட்டும் நின்றுவிட்டது.

"எங்க, என் காதுபட ஒருவாட்டி கூப்பிடு பாப்போம்!" என்றார் அம்பலம். "கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வாடா. மேளம் சொல்லியிருக்கு!"

இந்த மழைத் தண்ணீர் இருபது நாளாவது நிற்குமா, பங்குனியில் ஊரணி எப்படிக் கிடக்கும், லாரி வருகிற அன்றைக்கு யார் வரிசையில் நிற்பார்கள்? முன்மாதிரி விவசாயிக்கு இதெல்லாம் ஒரே நொடியில் தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொஞ்சம் யோசித்தேன்.

"கூப்பிட்டேன் அம்பலம்," என்றேன். "வரமாட்டேன்னுட்டா."

அவர் கெட்ட வார்த்தையில் தொடங்கினார். போனை வைத்துவிட்டேன்.

பஞ்சவர்ணம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்பக் கூப்பிட்டீக? நீக எங்க கூப்பிட்டீக?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஏன் கூப்பிடல? அம்புட்டுத் தூரம் வந்துட்டு... நெசமா மழை பேயுது, இப்பவும் ஏங்க கூப்பிடல?"

"கூப்பிட்டா வந்துருவியே, புள்ள."

அவள் அந்த இரும்புப் பெட்டிமேலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், பெட்டியில் இரண்டு பேருக்கு இடமில்லை, பாதி கீழே வழுக்கினேன், அப்படியே இருந்து நானும் அழுதேன். மோனிஷா எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.